உத்தரவு போட்ட பிறகு: நீதி நிறுவனங்களின் பலம் என்பது என்ன?

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஏதாவது ஒரு மண்டபத்தில் நடக்கும் பயிற்சிப் பட்டறையின் பதாகையில் இப்படி ஒரு வரி தொங்கும்: "நீதித்துறை நிறுவனங்களின் ஆளுகையையும் ஒழுங்குபடுத்தும் ஆற்றலையும் பலப்படுத்தல்." வாசிக்கும்போதே கொட்டாவி வரும். வந்தவர்கள் கையொப்பம் வைத்து, மதியச் சாப்பாட்டுப் பார்சலையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் காணிப் பிணக்கு, காணாமற்போனவர் பற்றிய சான்றிதழ், பொலிஸில் கொடுத்த முறைப்பாடு, வெளிநாட்டில் இருக்கும் அண்ணனின் காணிக்கு யாரோ எழுதிவிட்ட கள்ள உறுதி என்று வன்னியில் எத்தனையோ வீட்டு அலுவல்கள் கடைசியில் அந்த ஒரு வரிக்குள்தான் வந்து விழுகின்றன. அதை மெதுவாகப் பிரித்துப் பார்ப்போம். சட்டம் படித்திருக்கத் தேவையில்லை.

நீதி நிறுவனம் என்றதும் நீதிமன்றக் கட்டடம்தான் நினைவுக்கு வரும். அது ஒரு துண்டு மட்டும்தான். நீதிபதிகளை நியமித்து இடம் மாற்றும் நீதிச்சேவை ஆணைக்குழு, அரசின் சார்பில் வழக்குத் தொடுக்கும் சட்டமா அதிபர் திணைக்களம், வசதியில்லாதவருக்காக வாதாடும் சட்ட உதவி ஆணைக்குழு, ஊர்ப் பிணக்கைத் தீர்க்கும் மத்தியஸ்த சபை, மனித உரிமைகள் ஆணைக்குழு, சட்டத்தரணிகள், காணி உறுதி எழுதும் நொத்தாரிசுகள், காணிப் பதிவகம், விளக்கமறியல் சிறை எல்லாமே இதற்குள் அடங்கும். நீதிமன்ற உத்தரவை நடைமுறைப்படுத்துவது பொலிஸ் என்பதால் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றிடமும் நாலு கேள்வி கேட்கலாம். உன்னை நியமித்தது யார்? உனக்குக் காசு எங்கிருந்து வருகிறது? நீ யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? நீ பிழை விட்டால் உன்னை யார், எந்த விதிப்படி தட்டிக்கேட்கலாம்? இந்தக் கேள்விகளுக்கான பதில்கள் சேர்ந்ததுதான் ஆளுகை. ஒரு நிறுவனம் இன்னொருவரின் தொழிலை விதிப்படி கண்காணிப்பது ஒழுங்குபடுத்தல்: சட்டத்தரணிகளை நாட்டின் ஆக மேலான மன்றமான உயர் நீதிமன்றம் கண்காணிக்கிறது, நொத்தாரிசு எழுதும் உறுதிகளின் பிரதிகளைக் காணிப் பதிவாளர் வாங்கிப் பார்க்கிறார். அப்புறம் ஆற்றல். இவற்றையெல்லாம் செய்வதற்கு ஆள், பணம், மொழி, வாகனம், ஆய்வுகூடம், நேரம் இருக்கிறதா என்பதே அது. விதி புத்தகத்தில் இருந்தும் இவை இல்லையென்றால், குளம் நிறையத் தண்ணீர் இருந்தும், அதைத் திறந்துவிடும் துருசு இறுகிப்போன கதைதான்.

வேகம் மட்டும் போதாது

வன்னியில் வயதானவர்கள் சிலர், "அந்தக் காலத்தில வழக்கு கெதியா முடிஞ்சது" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1990களின் தொடக்கத்திலிருந்து 2009 வரை, வன்னியின் பெரும்பகுதியில் அரச நீதிமன்றங்கள் இயங்கவில்லை. விடுதலைப் புலிகள் தங்களுக்கென்று சட்டக்கோவை, சட்டக் கல்லூரி, நீதிமன்றம், காவல்துறை எல்லாம் வைத்திருந்தார்கள். வழக்குகள் விரைவாக முடிந்தன, தீர்ப்புகள் நிறைவேறின. சனத்தின் நினைவில் அது நிற்பதில் வியப்பில்லை.

ஆனால் அந்த நாலு கேள்வியை அங்கேயும் கேட்டுப் பாருங்கள். நியமித்தது ஓர் இயக்கம். காசு கொடுத்ததும் அதே இயக்கம். தீர்ப்பை நிறைவேற்றிய காவல்துறையும் அதனுடையதே. அந்த இயக்கத்தையே எதிர்த்து ஒருவர் வழக்குப் போட்டு வெல்ல வழியிருந்ததா? தன் பிள்ளையைக் கட்டாயமாகக் கூட்டிப்போனதற்கு எதிராக ஒரு தாய் எந்த மன்றத்துக்குப் போயிருக்கலாம்? இன்னொன்றும் உண்டு. அந்தத் தீர்ப்புகளுக்கு இன்றைக்கு எந்த நீதிமன்றத்திலும் சட்ட வலு இல்லை. அன்றைக்குக் காணி எல்லை வழக்கில் வென்ற ஒருவர், இன்று கிளிநொச்சி மாவட்ட நீதிமன்றத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதை நான் எடுத்தது ஒரு தரப்பைத் திட்டுவதற்காக இல்லை. செய்து முடிக்கும் ஆற்றல் நிறைய இருந்து, பதில் சொல்லும் கடமை இல்லாத நிலை எப்படியிருக்கும் என்பதை எங்கள் சனம் புத்தகத்தில் படிக்கத் தேவையில்லை. 2009க்குப் பிறகு வந்தது அதற்குத் தலைகீழ். விதியும் மேன்முறையீடும் ஆணைக்குழுவும் தாளில் நிறைய உண்டு. செய்து முடிப்பதில்தான் இழுபறி. நாடு முழுவதும் நீதிமன்றங்களில் தேங்கிக் கிடக்கும் வழக்குகள் பத்து இலட்சத்துக்கும் அதிகம் என்று நீதி அமைச்சே சொல்லிவருகிறது. தகப்பன் தொடங்கிய காணிப் பிரிவினை வழக்குக்கு மகன் தவணைக்குப் போவதை யாரும் பெரிதாகக் கதைப்பதுகூட இல்லை.

குருந்தூர்மலையும் ஒரு நீதிபதியும்

ஒரு நீதிபதியின் பலம் எதில் தங்கியிருக்கிறது என்று விளங்க முல்லைத்தீவை எடுத்துக்கொள்வோம். மாவட்ட நீதிபதிகளையும் நீதிவான்களையும் நியமிப்பதும் இடமாற்றுவதும் ஒழுக்க விசாரணை செய்வதும் நீதிச்சேவை ஆணைக்குழு. பிரதம நீதியரசரும் உயர் நீதிமன்ற நீதியரசர்கள் இருவரும் அதில் இருக்கிறார்கள். உயர் நீதிமன்ற, மேன்முறையீட்டு நீதிமன்ற நீதியரசர்களை ஜனாதிபதி நியமிக்கிறார், ஆனால் அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதல் வேண்டும். 2022 இல் வந்த 21ஆவது திருத்தத்தின்படி அந்தப் பேரவையில் பத்துப் பேர். ஏழு பேர் நாடாளுமன்ற உறுப்பினர்கள், மூன்று பேர் வெளியாட்கள். 2001 இல் 17ஆவது திருத்தம் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது, 2010 இல் 18ஆவது அதைப் பிடுங்கியது, 2015 இல் 19ஆவது திருப்பிக் கொடுத்தது, 2020 இல் 20ஆவது மறுபடி பிடுங்கியது. கிட்டத்தட்ட ஒவ்வொரு ஆட்சி மாற்றத்தோடும் நீதிபதிகளை நியமிக்கும் விதியும் மாறினால், நிறுவனம் எங்கே வேரூன்றுவது? 2013 ஜனவரியில் பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிராக நாடாளுமன்றம் குற்றப்பிரேரணை நிறைவேற்றி, ஜனாதிபதி அவரைப் பதவி நீக்கியதும் இந்த இழுபறிக் காலத்தில்தான் நடந்தது.

சரி, நியமனம் முடிந்தது. நீதிபதி ஓர் உத்தரவு போடுகிறார். குருந்தூர்மலையில் விகாரை கட்டுவது தொடர்பான வழக்கில், இருக்கிற நிலையை அப்படியே வைத்திருக்கும்படி முல்லைத்தீவு நீதிமன்றம் 2022 இல் கட்டளையிட்டது. அதை மீறிக் கட்டுமானம் நடந்திருக்கிறது என்று 2023 ஓகஸ்டில் அதே நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே, வழக்கை விசாரித்த மாவட்ட நீதிபதி ரி. சரவணராஜா, உயிர் அச்சுறுத்தலும் அழுத்தமும் இருப்பதாகக் குறிப்பிட்டு நீதிச்சேவை ஆணைக்குழுவுக்குப் பதவி விலகல் கடிதம் அனுப்பிவிட்டு நாட்டைவிட்டு வெளியேறினார். வடக்கின் சட்டத்தரணிகள் பணியைப் புறக்கணித்து வீதிக்கு வந்தார்கள்.

இந்தச் சம்பவத்தில் அரசியலைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, நிறுவனத்தின் கண்ணால் பாருங்கள். உத்தரவு போட்டது நீதிமன்றம். அதை நிறைவேற்ற வேண்டியது பொலிஸ். பொலிஸ் பதில் சொல்வது பொலிஸ்மா அதிபருக்கும் அமைச்சுக்கும். மலையில் வேலை செய்தவர்களுக்குப் பின்னால் தொல்லியல் திணைக்களம் இருந்தது, அதுவும் இன்னோர் அமைச்சின் கீழ். இவர்களில் ஒருவர்கூட அந்த நீதிபதியின் கீழ் வேலை செய்பவர் இல்லை. அவரிடம் இருந்தது எழுதுகோலும் நீதிமன்ற அவமதிப்பு அதிகாரமும்தான். நீதிபதியின் பணியில் தலையிடுவதே குற்றம், ஒரு வருடம் வரை சிறை என்று அரசியலமைப்பின் 111ஆவது உறுப்புரையின் ஒரு பிரிவு சொல்கிறது. இருக்கட்டும். அந்தக் குற்றத்தை விசாரிக்க வேண்டியதும் பொலிஸ், வழக்குத் தொடுக்க வேண்டியது அரசின் சட்டமா அதிபர். வட்டம் எங்கே போய் முடிகிறது பாருங்கள்.

ஆகவே நீதித்துறையைப் பலப்படுத்துவது என்று யாராவது சொன்னால், முல்லைத்தீவில் நான் முதலில் கேட்பது புதிய கட்டடம் எத்தனை மாடி என்று இல்லை. நீதிமன்றம் இட்ட உத்தரவு மீறப்பட்டால் எத்தனை நாளுக்குள் யார் எழுத்தில் அறிக்கை தர வேண்டும், நீதிபதிக்கு மிரட்டல் வந்தால் ஆணைக்குழு என்ன செய்யும் என்ற நடைமுறை எழுதப்பட்டிருக்கிறதா என்றுதான் கேட்பேன்.

தோண்டுவதற்குக் காசு

இன்னொரு பக்கமும் உண்டு. உத்தரவை யாரும் எதிர்க்காவிட்டாலும் நிறைவேற்ற வசதியில்லாத நிலை. 2023 யூன் கடைசியில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் தெரிந்தன. முல்லைத்தீவு நீதிமன்றத்தின் மேற்பார்வையில் அகழ்வு தொடங்கியது செப்டெம்பரில். இடையில் பலமுறை நின்றது. முக்கியமான காரணங்களில் ஒன்று பணம். நீதிமன்றத்துக்கென்று இதற்கு ஒரு நிதிப் பை இல்லை. ஒதுக்கீடு நீதி அமைச்சிலிருந்து மாவட்டச் செயலகம் வழியாக வரவேண்டும். 2024 யூலையில் அகழ்வு முடிந்தபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. வெளியே வீதியோரத்தில், காணாமற்போன பிள்ளைகளின் படங்களோடு நின்ற அம்மாமாருக்கு, அந்த ஒவ்வொரு இடைவெளியும் எப்படியிருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மன்னாரில் 2018 இல் சதொச வளாகத்தில் கண்டுபிடிக்கப்பட்ட புதைகுழியில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. அவற்றின் காலத்தைக் கணிக்க மாதிரிகளை அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. 2019 இல் வந்த அறிக்கை, அவை பல நூற்றாண்டுகளுக்கு முந்தியவை என்றது. முடிவை ஏற்றவர்களும் உண்டு, சந்தேகப்பட்டவர்களும் உண்டு. எங்கள் ஊரில், எல்லாரும் நம்பக்கூடிய, குடும்பங்களின் பிரதிநிதி பக்கத்தில் நின்று பார்க்கக்கூடிய ஓர் ஆய்வுகூடம் இருந்திருந்தால் அந்தச் சந்தேகத்தில் பாதி குறைந்திருக்கும் என்பது என் எண்ணம். தடயவியல் ஆற்றல் நவீன வசதியாகத் தோன்றலாம். நம்பிக்கை அதில்தான் தங்கியிருக்கிறது.

காரணம் சொல்லும் கடமை

2017 இல் வவுனியா மேல் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்த மூன்று தமிழ்க் கைதிகளின் வழக்கு அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. சாட்சிகளுக்கு வவுனியாவில் பாதுகாப்பில்லை என்பது சட்டமா அதிபர் தரப்பு சொன்ன காரணம். அநுராதபுரத்தில் நீதிமன்ற மொழி சிங்களம், தமக்கு விளங்கும் மொழியில் வழக்கு நடக்காது என்பது கைதிகளின் கவலை. அவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், வடக்கில் கடையடைப்பு நடந்தது.

இங்கே இரண்டு தரப்பின் கவலையும் நிறுத்துப் பார்க்கக்கூடியவைதான். சாட்சிப் பாதுகாப்பு உண்மையான பிரச்சினை. அதற்கென்று 2015 இல் ஒரு சட்டம் வந்து, பிறகு 2023 இல் புதிதாக இயற்றப்பட்டது. அப்படியானால் சாட்சியை வவுனியாவிலேயே காப்பாற்ற என்ன முயற்சி எடுக்கப்பட்டது, காணொளி வழியாகச் சாட்சியம் பெற முடியுமா என்று பார்த்தார்களா? இதற்கெல்லாம் எழுத்தில் காரணம் தந்து, அதைக் கேள்வி கேட்க ஒரு வழியும் வைத்தால், அதுதான் நல்ல ஆளுகை. முடிவு எங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனால் அது ஏன் என்று தெரிந்தால் மேன்முறையீடாவது செய்யலாம். ஒருவர் உணவை ஒறுத்துத்தான் காரணம் கேட்க வேண்டியிருக்கிறது என்றால், கேட்பதற்கான சாதாரண வாசல் எங்கோ அடைபட்டிருக்கிறது.

நொத்தாரிசைக் கண்காணிப்பது யார்?

இது வன்னி வீடுகளுக்கு மிகக் கிட்டிய விஷயம், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மாங்குளத்துப் பக்கம் ஒரு அக்காவுக்குச் சீதனமாக வந்த ஒரு ஏக்கர் உறுதிக்காணி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1990களில் இடம்பெயர்ந்தார். உறுதி எங்கோ தொலைந்துவிட்டது. 2010க்குப் பிறகு திரும்பி வந்தால், அதே காணிக்கு இன்னொருவர் கையில் புத்தம்புது உறுதி. எப்படி நடந்தது? பெரும்பாலும் வழி இதுதான்: உரிமையாளருக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் ஒன்று கள்ளமாகத் தயாராகும், அதை வைத்து ஓர் உறுதி எழுதப்படும், அது காணிப் பதிவகத்தில் பதியப்படும். இலங்கையில் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பதியப்பட்ட உறுதிக்குப் பதியாத பழைய உறுதியைவிட முன்னுரிமை கிடைக்கலாம். மோசடியை நிரூபித்தால் அந்த முன்னுரிமை போய்விடும். ஆனால் நிரூபிக்க வேண்டியது அக்கா.

இதைத் தடுக்கத்தான் நொத்தாரிசுக்கு விதிகள் இருக்கின்றன. கையெழுத்து வைப்பவரும் இரண்டு சாட்சிகளும் நொத்தாரிசும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். உறுதி எழுதுமுன் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்க வேண்டும். எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். 1907 இலிருந்து நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. விதியில் குறைவில்லை.

குறைவு எங்கே? பிரதியை வாங்குபவர் அதை உண்மையில் திறந்து பார்க்கிறாரா? ஒரே நொத்தாரிசு ஒரே நாளில் நம்ப முடியாத எண்ணிக்கையில் உறுதி எழுதியிருந்தால் யாருக்காவது மணி அடிக்குமா? ஒரே அடையாள அட்டை எண் நாலு ஊரில் நாலு பெயரில் வந்தால் கணினியில் பிடிபடுமா? இதுதான் ஒழுங்குபடுத்தும் ஆற்றல். எழுதுவினைஞர் ஒருவர், பழைய பதிவேடு, தூசி என்று இருக்கும் ஓர் அலுவலகத்திடம் இதை எதிர்பார்ப்பது கஷ்டம். பதிவேடுகளை இலத்திரனியலாக்கி, ஒழுங்காக எழுமாற்றில் சோதித்து, அந்தச் சோதனையின் முடிவை வெளியிட்டால் கள்ள உறுதி எழுதுபவனுக்குக் கை நடுங்கும். ஒரு புதிய சட்டம்கூடத் தேவையில்லை.

நொத்தாரிசுகளில் பெரும்பாலானோர் சட்டத்தரணிகள். சட்டத்தரணி ஏமாற்றினாலோ தொழில் முறைகேடு செய்தாலோ, அவரை இடைநிறுத்தவும் பெயரை நீக்கவும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. 1978 இன் நீதித்துறைச் சட்டம் அதைச் சொல்கிறது. சட்டத்தரணிகளின் நடத்தை, ஒழுக்க விதிகள் 1988 இல் வந்தன. கட்சிக்காரரின் பணத்தை எப்படி வைத்திருப்பது, இரகசியம் காப்பது எல்லாம் அதில் உண்டு. நல்லது. ஆனால் உயர் நீதிமன்றம் இருப்பது கொழும்பு புதுக்கடையில். முல்லைத்தீவிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். சத்தியக்கூற்றோடு முறைப்பாடு எழுதி, விசாரணைத் தவணைக்கு இரவு பஸ் ஏறி, அங்கே சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நடப்பதை விளங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். ஏமாந்தது ஐம்பதாயிரம் ரூபா என்றால் யார் போவார்கள்? கண்காணிக்கும் வாசல் தூரத்தில் இருப்பதே ஒருவகை ஆற்றல் குறைவு. வவுனியாவில் மாதத்தில் ஒரு நாளாவது தமிழில் முறைப்பாடு எடுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தால், பல மில்லியன் ரூபா பட்டறையைவிடப் பயன் தரும் என்று நான் அடித்துச் சொல்வேன்.

மொழி

வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நீதிமன்ற மொழி என்று அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரை சொல்கிறது. நீதிமன்றத்துக்குள் அநேகமாக அது நடக்கிறது. சிக்கல் அதற்கு முந்திய படியில். தமிழில் சொன்னதைப் பொலிஸ் நிலையத்தில் சிங்களத்தில் எழுதி, விளங்காமலேயே கையெழுத்து வாங்கிய கதை வன்னியில் பலரிடம் உண்டு. ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் எந்நேரமும் தமிழ் தெரிந்த அலுவலர் வேண்டும் என்று அரசே அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள், நல்லிணக்க ஆணைக்குழு 2011 இல் பரிந்துரைத்தது. வாக்குமூலத்தின் முதல் வரி பிழைத்தால், பிறகு மேல் நீதிமன்றத்தில் எவ்வளவு நல்ல நீதிபதி இருந்தும் அதைத் திருத்துவது பெரும்பாடு.

சட்டம் வந்தும் சனத்துக்கு எட்டாமல் போவதற்கும் ஓர் உதாரணம் கைவசம் உண்டு. ஒருவர் காணியைப் பத்து வருடம் தடையின்றி ஆண்டால் உரிமை கோரலாம் என்பது பழைய விதி. போரால் விட்டுப்போனவர்களுக்கு இது அநியாயம் என்று 2016 இல் ஒரு விசேட சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றது. ஆனால் வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டாக வேண்டும். அந்த இரண்டு ஆண்டில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருந்தது? சிலரின் காணியில் அப்போதும் படை முகாம் இருந்தது. பத்திரம் தேடிக்கொண்டிருந்தவர்கள் நிறையப் பேர். சட்டத்தை எழுதியவர்களின் மனம் நல்லதுதான். ஒவ்வொரு கிராம சேவையாளர் அலுவலகத்துக்கும் அதைக் கொண்டுபோகும் வேலையை யாரிடமாவது ஒப்படைத்தார்களா?

சிறிய வாசல்கள்

மத்தியஸ்த சபையை, எங்கள் பக்கம் பலர் இணக்கசபை என்றும் சொல்வார்கள், 1988 இன் சட்டம் அமைத்தது. சிறிய பணப் பிணக்கு, எல்லைத் தகராறு போன்றவை பல நேரம் முதலில் அங்கே போய்த்தான் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். ஓய்வுபெற்ற அதிபர், தபாலதிபர் போன்றவர்கள் சம்பளமில்லாமல் இருந்து தீர்த்துவைப்பார்கள். அவர்கள் தீர்ப்பு வழங்குபவர்கள் இல்லை, இரண்டு தரப்பையும் இணங்கவைப்பவர்கள். அந்த வித்தியாசம் தெரியாமல் ஊர்ப் பெரியவர் ஒருவர் பெண்ணின் முறைப்பாட்டை "சமாளித்துப் போ" என்று முடித்துவிடும் ஆபத்து உண்டு. பயிற்சிக்குப் பணம் செலவழிப்பதென்றால் இங்கேதான் செலவழிக்க வேண்டும்.

சட்ட உதவி ஆணைக்குழு 1978 இன் சட்டத்தால் வந்தது. நீதிமன்றங்களை அண்டி அதன் கிளைகள் உண்டு. வருமானம் குறைந்தவருக்குத் தாபரிப்பு, விவாகரத்து, காணி வழக்குகளில் உதவி கிடைக்கும். இதைக் கேட்பது பிச்சை இல்லை, உரிமை.

மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு வவுனியாவில் பிராந்திய அலுவலகம் உண்டு. அதன் பரிந்துரை நீதிமன்றத் தீர்ப்பைப்போலக் கட்டுப்படுத்தாது, அது அதன் பலவீனம். ஆனால் ஒரு பயன் பலருக்குத் தெரியாது. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்தில் மனுப் போட ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த அவகாசக் கணக்கில் சேராது. அந்த விசாரணை நடக்கும்வரை கதவு மூடாமல் இருக்கும். முறைப்பாட்டு இலக்கத்தையும், விசாரணை நடப்பதைக் காட்டும் கடிதங்களையும் பத்திரமாக வைத்திருங்கள்.

நீங்களே கேட்டுப் பார்க்க

ஒரு நிறுவனம் பலமாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மிக மலிவான கருவி, 2016 இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அமைச்சு, திணைக்களம், ஆணைக்குழு, பொலிஸ், பிரதேச செயலகம் எல்லாம் இதற்குள் வரும். நீதி வழங்குவதற்கென்று உருவாக்கப்பட்ட நிறுவனங்களும் சட்டத்தின் வரையறைக்குள் உண்டு. நீங்கள் ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. ஒருவரின் உயிர் அல்லது தனிப்பட்ட சுதந்திரம் பற்றிய விஷயமானால் 48 மணித்தியாலம்.

"எங்கள் ஊரில் நீதி கிடைக்கவில்லை, ஏன்?" என்று எழுதினால் பதில் வராது. அது தகவல் இல்லை, ஆதங்கம். எண்ணும் திகதியும் ஆவணமும் கேளுங்கள். இந்தப் பொலிஸ் நிலையத்தில் கடந்த வருடம் எத்தனை தமிழ் மொழி தெரிந்த அலுவலர் கடமையில் இருந்தார்கள்? எத்தனை முறைப்பாடு தமிழில் பதியப்பட்டது? இந்த மாவட்டக் காணிப் பதிவகம் கடந்த மூன்று வருடத்தில் நொத்தாரிசுகளுக்கு எதிராக எத்தனை அவதானிப்புக் கடிதம் அனுப்பியது? கொக்குத்தொடுவாய் அகழ்வுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எந்தத் திகதியில் விடுவிக்கப்பட்டது? இப்படிக் கேட்டால், தகவல் இல்லை என்ற பதில்கூட ஒரு தகவல்தான். எண்ணிப் பார்க்காத அலுவலகம் கண்காணிக்கவும் இல்லை என்று அர்த்தம்.

விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம், பதிலைத் தமிழில் பெறவும் உரிமை உண்டு. நேரில் கொடுத்தால் பிரதியில் திகதியோடு முத்திரை வாங்குங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை உறுதிப் பெட்டிக்குள் வையுங்கள். நாள் கணக்கு பார்க்க வேண்டி வந்தால் அதுதான் உங்கள் கையில் இருக்கும் சாட்சி.